திட்டு இடம்மாறிய சனிக்கிழமை

பையனின் அப்பா எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருந்தார். இரண்டு முறையும் காப்பி குடித்தார், முறுக்கு தின்றார், மின்விசிறியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். கிளம்பும்போது "பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

மகளும் அந்தப் பையனும் ஷா ஆலமில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். தாங்களே பார்த்து, தாங்களே முடிவு செய்து, கடைசியில் மரியாதைக்காக எங்களிடம் சொன்னார்கள். பையனின் அம்மாவுக்குப் பரம திருப்தி. என் மனைவியோ நிச்சயதார்த்தப் புடவையின் நிறம்வரை போய்விட்டாள். எல்லாம் இருந்தும், நம் ஆட்களின் வழக்கப்படி பையனைப் பெற்றவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வாய்தான் முறுக்குக்கு மட்டும் திறந்தது.

"ஒங்களால முடியாதா? வாயி வண்டியா ஓடுதே, அந்த மனுஷன பேச வைக்க முடியாதா?" என்றாள் மனைவி.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது.

கடலுக்கு நடுவே ஒரு மணல் திட்டு உண்டு. ஜெராமிலிருந்து படகில் அரை மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஆழமாக வற்றும் நாட்களில் மட்டும் சில மணி நேரம் முதுகு காட்டும். மற்ற நேரங்களில் அது இருப்பதே தெரியாது. சுற்றுலாக்காரர்கள் அதில் நின்று தலைகீழாகத் தெரியும் வானத்தோடு படம் எடுப்பார்கள். நாங்கள் லாலா சிப்பி தோண்டப் போவோம். சிறுவயதிலிருந்து போகிறேன் என்பதால் அந்தக் கடற்பகுதி முழுக்க என் வீட்டுக் கொல்லை என்ற நினைப்பு எனக்கு. பையனின் அப்பாவை அங்கே அழைத்துப் போய், வெயில், காற்று, சிப்பி, நாசி லெமாக் சோறு என்று கவனித்தால் மனிதர் இளகிவிட மாட்டாரா?

படகு என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. வார நாட்களில் லோரி பட்டறையில் வேலை, வாரக் கடைசியில் நண்டுக் கூடு வைப்பான். சேதி சொன்னதும், "சனிக்கிழம அமாவாச. பதினொன்னரைக்கெல்லாம் தண்ணி நல்லா வத்திரும். ஒம்பது மணிக்குப் போட்டுல ஏறிடணும் மாமா, அப்பத்தான் சாவகாசமா இருந்துட்டு வரலாம்" என்றான்.

மனைவி நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலம். சம்பந்தம் பேசப் போற ஆளு ராகு காலத்துல வெளிக்கெளம்புறதா? பத்தரைக்கு மேல ஏறுங்க."

"அக்கா, கடலுக்கு ராகு காலமெல்லாம் தெரியாதுலா. அது பாட்டுக்கு வத்தும், அது பாட்டுக்கு ஏறும்."

"கடலுக்குக் கல்யாணம் இல்ல. என் மகளுக்குக் கல்யாணம்."

அக்காவை எதிர்த்துப் பேசும் ஆள் எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. பத்து முப்பத்தைந்துக்குப் படகு கிளம்பியது.

பையனின் அப்பா சபாக் பெர்ணம் பக்கம். நெல் வயல்களுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால்களில் மதகுக் கதவுகளைத் திறந்து மூடும் வேலையை முப்பது ஆண்டுகள் பார்த்தவர். வழுக்கைத் தலை, கட்டையான உடம்பு, முழங்கால்வரை மடித்த கால்சட்டை. மிதவைச் சட்டையை மச்சான் நீட்டியதும் வாங்கி ஒழுங்காகப் பட்டன் போட்டுக்கொண்டார். நானும் போட்டேன். பிறகு, படத்தில் வயிறு பெரிதாகத் தெரியும் என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

வழி நெடுக நான் பேசினேன். அந்த வாரம் மூன்று விடியற்காலைகள் தொடர்ந்து சுமத்ராக் காற்று அடித்திருந்தது. எங்கள் செம்பனை ஆலையில் எடைமேடைக் கூரையின் ஒரு மூலையே பறந்துவிட்டது. அந்தக் கதை, அதற்கு முந்தைய காற்றின் கதை, கடலின் கதை என்று விட்ட இடத்தில் தொட்டு, தொட்ட இடத்தில் விட்டு அளந்தேன். அவர் "ம்" என்றார். சில இடங்களில் "ம்ம்" என்றார். அந்த இரண்டாவது 'ம்'முக்காகவே இன்னும் கூடுதலாக அளந்தேன்.

திட்டை நெருங்கியதும் மச்சான் எஞ்சினைக் குறைத்து எழுந்து நின்று பார்த்தான்.

"என்னா மச்சான்?"

"எடம் என்னமோ மாதிரி இருக்கு மாமா. காத்து அடிச்சதுல கடல் வீட்டுச் சாமானையெல்லாம் நகத்தி வெச்சிருக்கு."

"நாப்பது வருஷமா நான் பாக்குற திட்டு. எனக்குத் தெரியாதா? வடக்கு மூலையில எறக்கி விடு."

இறக்கிவிட்டான். "நண்டுக் கூட்ட பாத்துட்டு ஒரு மணிக்கு வந்துடறேன். அங்க இங்க சுத்தாம இருங்க" என்று போய்விட்டான்.

திட்டு உண்மையிலேயே மாறித்தான் இருந்தது. முன்பெல்லாம் கடலைப் பார்த்த பக்கம் அகலமாக, வழுவழுவென்று இருக்கும். இப்போது அங்கே யாரோ கரண்டியால் வழித்து எடுத்தது போல ஒரு சரிவு. செத்த சிப்பி ஓடுகள் நீளமாக ஒரே வரிசையில் குவிந்து கிடந்தன. கரையோர அலையாத்திக் காட்டிலிருந்து பிய்ந்து வந்த ஒரு வேர்க்கட்டையும், அதற்குப் பக்கத்தில் பாதி புதைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன. அவர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். கரைப் பக்கமாக, திட்டின் ஓரத்தில் ஒரு பழைய வலைக்கம்பு ஒரு சாண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"அந்தக் கம்பு என் ஒசரத்துக்கு நிக்கும் சார். எவனோ வெட்டிட்டுப் போயிட்டான்" என்று விளக்கம் கொடுத்தேன். "அதத் தாண்டி போயிடாதீங்க. அதுதான் படகு போற ஓடை. ரெண்டு ஆள் ஆழம்."

"ம்" என்றார். ஆனால் கம்பையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்பி தோண்டினோம். வாளியில் பாதி நிறைந்தது. கல்யாணப் பேச்சை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று மூன்று முறை தொண்டையைக் கனைத்தேன். மூன்று முறையும் தண்ணீர் போத்தலை நீட்டினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு நான் கழற்றி வைத்திருந்த செருப்பு என்னைக் கடந்து போனது.

யோசித்துப் பாருங்கள். செருப்பு தானாக நடந்து போகிறது. திரும்பிப் பார்க்கிறேன், திட்டில் பாதியைக் காணோம். தண்ணீர் அலையடித்து வரும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது அப்படி வருவதில்லை. கூப்பிடாத விருந்தாளி பின்வாசல் வழியாக வந்து அமைதியாக உட்கார்ந்திருப்பது போல, பார்க்கும்போது ஏற்கெனவே அங்கே இருக்கும். ஒன்பது மணிக்கு வந்திருந்தால் இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

"சார், தண்ணி ஏறுது!"

"ஆமா" என்றார்.

கடலைக் கண்ணால் துழாவினேன். மச்சானின் படகு தூரத்தில் தெரிந்தது. எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நான் கையை ஆட்டினேன். வந்த படகு சட்டென்று நின்றது. வளைந்தது. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி வடக்கே போகத் தொடங்கியது.

கைப்பேசியில் அழைத்தேன். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. போன தீபாவளிக்கு அவன் சுட்ட கோழியை நான் எல்லார் முன்னாலும் கேலி செய்திருந்தேன். அதற்காக ஒருவன் அக்காள் கணவனை நடுக்கடலில் விடுவானா? விடுவான் என்று என் மூளை சத்தியம் செய்தது.

அடுத்து என் மரண அறிவிப்பு முழுசாகக் கண்முன்னே வந்தது. எழுத்தெல்லாம் பரவாயில்லை, படம்தான் கவலை. மனைவி அவசரத்தில் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்துவிடுவாள். அதில் நான் கோழி திருடிப் பிடிபட்டவன் மாதிரி இருப்பேன். உடனே குடும்பக் குழுவில் குரல் பதிவு ஒன்றை அனுப்பினேன். "நாங்க திட்டுல மாட்டிக்கிட்டோம். மச்சான் விட்டுட்டுப் போயிட்டான். அவன மன்னிச்சிடுங்க. படம் போட்டா அந்த மஞ்சச் சட்டப் படத்தப் போடுங்க." குழுவில் நாற்பத்தோரு பேர் இருக்கிறார்கள். கோலாலம்பூர், ஈப்போ, ஆஸ்திரேலியாவில் ஒரு ஒன்றுவிட்ட தங்கை.

மிதவைச் சட்டையை மாட்டினேன். கையை நுழைத்த பிறகுதான் முன்பக்கம் முதுகுக்குப் போயிருப்பது தெரிந்தது. திருப்பிப் போட நேரமில்லை. வாளியிலிருந்த சிப்பியை வலைப்பையில் கொட்டி, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன். ஓர் அடி உயரம் கிடைத்தது. அந்த நொடியில் மனித மூளையின் ஆற்றலை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்தது. வாளிமேல் நிற்கும்போதே! பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆடுசதைக்கு வந்தது.

"சார், பாருங்க, ஒரு நிமிஷத்துல அரை அடி ஏறுது! அஞ்சு நிமிஷத்துல கழுத்து!"

அவர் குனிந்து என் காலடியைப் பார்த்தார். "வாளி எறங்குது" என்றார்.

நீரேற்றம் வரும்போது மணல் உள்ளேயிருந்து இளகிவிடும். பாரம் வைத்தால் விழுங்கும். நான் தண்ணீர் ஏறுகிறது என்று அலறிய நேரமெல்லாம், என் எண்பத்தெட்டு கிலோவும் வாளியோடு கீழே போய்க்கொண்டிருந்தது. அவருக்குத் தண்ணீர் இன்னும் ஆடுசதையில்தான். அவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலியைத் தனியாக ஒதுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அது விளங்கியும் என் பயம் குறையவில்லை. பயத்துக்குக் கணக்கு ஏறாது. சாகும்போது மனத்தில் பாரம் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். சாவுறதுக்கு முன்னாடி."

"யாரு சாவுறது?"

"நாமதான். போன மாசம் நான் ஒங்க எடத்துக்கு வந்தேன். ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்புல சாப்பாட்டுக் கடையில உக்காந்து ஒங்களப் பத்தி விசாரிச்சேன். கூரைத் தகடு விக்கிற ஆளுன்னு கடைக்காரர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்புடி?"

"கடைக்காரரு என் மச்சினரு. ஒங்க காடி நம்பர எழுதி வெச்சிருந்தாரு. அவருக்கு நெசமாவே கூரை ஒழுவுது. தகடு எப்ப வரும்னு இன்னமும் கேட்டுக்கிட்டிருக்காரு."

வாளி இன்னோர் அங்குலம் இறங்கியது. அந்த மச்சினரே வந்து அழுத்தியது போலத்தான் இருந்தது.

அவர் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். "நானும் ஒங்க ஊரு புக்கிட் ரோத்தானுக்கு வந்தேன். ஒங்க முடி வெட்டுற கடைக்கு."

அவர் தலையைப் பார்த்தேன். வெயிலில் செப்புக்குடம் மாதிரி மின்னியது.

"தாடியச் சரைக்க" என்றார்.

"என்னா சொன்னாரு அவரு?"

"வாயி பெரிசு, நெஞ்சு சின்னதுன்னாரு."

"நல்ல மாதிரியா ஒன்னுமே சொல்லலியா?"

"அதத்தான் நல்ல மாதிரியா சொன்னாரு." கையை அலசிக்கொண்டார். பிறகு, நான் அவரைச் சந்தித்த நாளிலிருந்து அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் வராத அளவுக்குப் பேசினார். "என் மவன் அதிர்ந்து பேச மாட்டான். சத்தம் போடுற மாமனாரு வாய்ச்சா ஒடுங்கிப் போயிடுவான். ஒங்க வீட்டுக்கு வந்த ரெண்டு தடவையும் நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க. எனக்குப் பயமாப் போச்சி. அதான் பாப்போம் பாப்போம்னு தள்ளிக்கிட்டிருந்தேன். இன்னைக்குப் பாத்துட்டேன். ஒங்க சத்தம் வெத்துச் சத்தம். உள்ளுக்குள்ள நீங்க என் மவனவிட பயந்த ஆளு."

இப்படி ஒரு பாராட்டை வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி சொல்வதா, ரோசப்படுவதா என்று முடிவு செய்வதற்குள் காற்றில் ஒரு குரல் வந்தது. மச்சான்! படகு இப்போது கரைப் பக்கமாக, வலைக்கம்பு இருந்த இடத்துக்கு அப்பால் நின்றது. அவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"கடைசியா கும்புடு போடுறான் சார்" என்றேன்.

"நடந்து வரச் சொல்றாரு."

"அந்த வழியிலயா? அது ஓடை! ரெண்டு ஆள் ஆழம்!"

"அந்தக் கம்ப யாரும் வெட்டல" என்றார் அவர். "வெட்டுனா நுனி வெட்டுனாப்புல இருக்கும். நான் அப்பவே பாத்தேன், பழைய நுனி அப்புடியே இருக்கு, பாசி புடிச்சி. கம்பு கொறையல. மண்ணு ஏறியிருக்கு. பெரிய மழைக்கப்பறம் வாய்க்கால்ல இப்புடித்தான். ஒரு பக்கம் அரிச்சி எடுத்தத இன்னொரு பக்கம் கொண்டாந்து போட்டுரும். ஓடை மூடிப் போச்சி."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தார். முழங்கால். தொடை. மண் அரித்துப்போன ஓரிடத்தில் இடுப்பு. நான் வாளிமேல் நின்று அவர் மறையும் கணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவருக்குத் தண்ணீர் மறுபடி தொடைக்கு இறங்கியிருந்தது. அவர் திரும்பி, கையை நீட்டி ஏதோ சொன்னார். காதுக்குள் ரத்தம் இரைந்துகொண்டிருந்தது. கை நீண்டிருந்தது மட்டும் தெரிந்தது. வாளியிலிருந்து குதித்து, தண்ணீரில் தட்டுத்தடுமாறிப் போய் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் கையைப் பிடித்தேன் என்பதைவிட, உடும்பு சுவரைப் பிடித்தது என்று எழுதினால் சரியாக இருக்கும். ஐம்பத்து மூன்று வயதில், மிதவைச் சட்டையின் முன்பக்கம் முதுகில் தொங்க, ஒரு கையில் சிப்பிப் பையோடு, இன்னும் வார்த்தை கொடுக்காத ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் படகுகள் நாற்பது ஆண்டுகளாக மிதந்த இடத்தை நடந்து கடந்தேன். காலடியில் மணல் புதுச் சிமெண்டுத் தரை போல இறுகியிருந்தது. அங்கங்கே மட்டும் சேறு கட்டைவிரலைச் சப்பியது.

மச்சான் இருவரையும் இழுத்துப் படகில் போட்டான்.

"என்னை விட்டுட்டு எங்கடா போன?"

"எங்க போனேனா? வழக்கமா வர்ற அலூர் ஓடையில வந்தேன், அடி தட்டுது. எஞ்சின் தேஞ்சிரும்னு வடக்கால சுத்திப் போயிப் பாத்தா, அங்க புதுசா ஒன்னு ஒடைச்சிக்கிட்டு ஓடுது. காத்து வெளிப்பக்க மண்ணையெல்லாம் வாரி உள்ள போட்டிருச்சி. தண்ணி வத்துறப்ப போக எடம் வேணும்ல, அது வேற வழி பாத்துக்கிச்சி. அதுல பூந்து, கரையோரமா இந்தாண்ட வந்தேன். இன்னும் ரெண்டு அமாவாச போனா இதுவும் மாறிடும். அதுக்குள்ள என்னைக் கொலைகாரனாக்கி குரூப்ல போட்டுட்டீங்க. ஆஸ்திரேலியாவுலருந்து போன் வருது மாமா எனக்கு!"

பையனின் அப்பா சிரித்தார். பல் எல்லாம் தெரிய, தோள் குலுங்க. மனிதருக்கு அவ்வளவு பல் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

அவரை அவர் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நான் பிழைத்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"வார்த்த கொடுத்தாரா?"

"வெத்துச் சத்தம்னாரு."

"அது என்னா வார்த்த? சரின்னாரா, இல்லன்னாரா?"

நான் யோசித்தேன். வாளி நினைவிருக்கிறது, கம்பு நினைவிருக்கிறது. சரி என்ற சொல் எங்காவது வந்ததா? சத்தியமாகத் தெரியவில்லை. முக்கியமான இடத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன்.

"சும்மா ஒரு வார்த்த வாங்கிட்டு வர அனுப்புனா, அதக் கடல்ல போட்டுட்டு வந்து நிக்கிறாரு பாரு!"

மச்சான்தான் வாயைத் திறந்தான். "அக்கா, நான் போட்டுலருந்து கேட்டேன். காத்து என் பக்கமாத்தான் அடிச்சிச்சி. தண்ணியில நின்னு கைய நீட்டி, 'வாங்க சம்பந்தி, ஒன்னும் ஆவாது'ன்னாரு. சம்பந்தின்னு தெளிவா சொன்னாரு. மாமாதான் கண்ண மூடிக்கிட்டு நின்னாரு."

மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சாமி அறைப் பக்கம் போனாள். போகிற வழியிலேயே பையனின் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்துவிட்டாள்.

மகள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் அவள் அம்மாவுடையது.

"அவரு சொல்லிட்டாருப்பா. நீங்க?"

"நான் என்னம்மா?"

"ஆறு மாசமாச்சி. ஜோக் அடிச்சிருக்கீங்க, அவரு மாதிரி நடிச்சிக் காட்டியிருக்கீங்க, அவுங்க எடத்துக்குப் போயி ஒளிஞ்சி விசாரிச்சிருக்கீங்க. என்கிட்ட வந்து 'சரி'ன்னு ஒரு தடவ சொன்னீங்களா?"

மச்சானைப் பார்த்தேன். அவன் அவசரமாக வாசலைப் பார்த்தான். ஏறி நிற்க இந்த முறை வாளியும் இல்லை. இந்தக் கல்யாணத்தில் வார்த்தை கொடுக்காத அப்பா ஒருவர்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எண்ணிக்கையில் பிழை.

"நல்ல பையன்" என்றேன். "எனக்குச் சம்மதம்மா."

வேடிக்கையாக ஏதாவது சேர்க்கலாமா என்று வாய் துறுதுறுத்தது. சேர்க்கவில்லை.

அவள் என் கையிலிருந்த வலைப்பையை வாங்கிக்கொண்டாள். "போயி குளிங்க. காதெல்லாம் சேறு" என்றாள். பிறகு பையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டாள். "இது மண்ணக் கக்க எவ்வளவு நேரம் ஊறணும்?"